வெளியேறும் தண்ணீர்

அம்மிணி,

பீர் ஆலை ஒன்றில் சுற்றுச்சூழல் பிரிவில் உனக்கு வேலை கிடைத்திருக்கிறது என்று உன் அப்பா போனில் சொன்னான். சந்தோஷம்தான் என்றாலும் குரலில் ஒரு தயக்கம். "என்ன மாமா, நம்ம பொண்ணு போயும் போயும் சாராயக் கம்பெனிக்கா?" என்று கேட்டான். உன் அப்பத்தாவுக்கும் மனசு ஒப்பவில்லையாம். அவர்கள் சொல்வதில் தப்பே இல்லை. குடியால் கெட்ட குடும்பம் என்று நம் ஊரிலேயே வீதிக்கு ரெண்டைக் காட்டலாம். நானும் வாழ்நாளில் ஒரு சொட்டுக் குடித்தவனில்லை. ஆனால் நான் உழைத்த காலத்தில் பெரும்பகுதி பீர் ஆலைகளின் ஈ.டி.பி.யில், அதாவது கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தில்தான் கழிந்தது. ஆலை வேண்டுமா வேண்டாமா என்பதை ஜனங்களும் அரசாங்கமும் முடிவு செய்துகொள்ளட்டும். அது ஓடுகிற வரைக்கும் அதன் தண்ணீரை ஒருவர் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். அந்த ஒருவர் சம்பளத்துக்காக மட்டும் பார்ப்பவராக இருந்துவிட்டால், ஓடைக்குக் கீழே இருக்கிற ஊர்களுக்குத்தான் கேடு. அதனால் நீ போக வேண்டும் என்பதே என் கட்சி. உன் அப்பாவிடமும் அதையே சொல்லிவிட்டேன். போவதற்கு முன்னால், எனக்கு அங்கே புத்தி வந்த விதத்தைக் கொஞ்சம் கேட்டுக்கொண்டு போ.

பீரில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கு மேல் வெறும் தண்ணீர். அது எல்லோருக்கும் தெரியும். ஒரு லிட்டர் பீர் வெளியே போக எத்தனை லிட்டர் தண்ணீர் உள்ளே வருகிறது என்பதுதான் ஆலைக்குள்ளேயே பல பேருக்குத் தெரியாது. சாதாரணமாக ஓடுகிற ஆலையில் 4 முதல் 7 லிட்டர் ஆகும். கருத்தாக நடத்துகிற இடங்களில் 3 லிட்டருக்கும் கீழே கொண்டுவந்திருக்கிறார்கள். டென்மார்க்கில் ஃபிரெடெரிசியா என்ற ஊரில் இருக்கிற கார்ல்ஸ்பெர்க் ஆலையில், கழுவிய தண்ணீரைச் சுத்தம் செய்து மறுபடி கழுவவே பயன்படுத்தும் நிலையத்தை 2021-இல் திறந்தார்கள். செலவாகும் தண்ணீரில் 90 சதவீதத்தைத் திருப்பி எடுத்து, லிட்டருக்கு 2.9 லிட்டராக இருந்ததை 1.4-க்கு இறக்குவது அதன் நோக்கம். அந்தத் தண்ணீரைப் பீரில் சேர்ப்பதில்லை. தொட்டி கழுவ, குழாய் கழுவ என்று வைத்துக்கொள்கிறார்கள்.

மிச்சத் தண்ணீர் எங்கே போகிறது என்று கேட்டால், கழுவலுக்குத்தான் போகிறது. மால்ட்டை ஊறவைக்கிற தொட்டி, காய்ச்சுகிற அண்டா, புளிக்கவைக்கிற உயரமான டேங்குகள், வடிகட்டி, பாட்டில் கழுவும் எந்திரம், தரை என்று எல்லாவற்றையும் ஓயாமல் கழுவிக்கொண்டே இருக்க வேண்டும். ஒரு கிருமி உள்ளே நுழைந்தால் ஒரு டேங்கு சரக்கும் போச்சு. ஆக, கழுவாதே என்று நீ யாரிடமும் சொல்ல முடியாது. எதைக் கழுவுகிறாய் என்றுதான் கேட்க முடியும். என் வேலையில் நான் கற்ற முதல் பாடம் அங்கேதான் இருக்கிறது. அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

தண்ணீர் எவ்வளவு கெட்டிருக்கிறது என்பதை பி.ஓ.டி. என்ற அளவால் சொல்வார்கள், நீ படித்திருப்பாய். வீட்டுச் சாக்கடையில் அது லிட்டருக்கு 200, 300 மில்லிகிராம் இருக்கும். பீர் ஆலையின் மொத்தக் கழிவுநீரில் 1,200-இலிருந்து 3,600 வரை போகும். ஆனால் பீரையே எடுத்துப் பார்த்தால் அது லட்சத்தை ஒட்டி நிற்கும். புளித்து முடிந்த டேங்கின் அடியில் கெட்டியாகப் படிகிற ஈஸ்ட் அதையும் தாண்டும். அதாவது, டேங்கு காலியானதும் அடியில் தங்கின ஒரு லிட்டர் பீரைச் சோம்பேறித்தனமாக வடிகாலில் திறந்துவிட்டால், ஏறத்தாழ 400 லிட்டர் வீட்டுச் சாக்கடையை ஊற்றியதற்குச் சமம். ஒரு டேங்கின் அடியில் ஒரு லிட்டரா இருக்கும்? நூற்றுக்கணக்கில் இருக்கும்.

நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் ஈ.டி.பி. என்பது ஆலையின் கோடியில், மதில் ஓரத்தில் இருக்கும். உள்ளே யார் எதைத் திறந்துவிட்டாலும் அது எங்கள் தலையில் வந்து விடியும். நாங்கள் இன்னும் ஒரு தொட்டி வேண்டும், இன்னும் ஒரு காற்றூதி வேண்டும் என்று மேலிடத்துக்கு எழுதிக்கொண்டே இருந்தோம். அங்கே ஈஸ்ட் பிரிவில் ஒரு மூத்த ஆபரேட்டர் இருந்தார். பள்ளிப்படிப்பைத் தாண்டாதவர். டேங்கைக் கழுவுவதற்கு முன் அடி வால்வில் ஒரு ஹோஸை மாட்டி, ஈஸ்டை ஒரு சின்ன டேங்குக்குத் தள்ளிவிட்டு, அதற்குப் பிறகுதான் தண்ணீரைத் திறப்பார். கூடுதலாக ஒரு மணி நேரம் பிடிக்கும். அவர் ஷிப்டு நடக்கிற நாட்களில் எங்கள் பக்கம் வரும் தண்ணீரின் நிறமே வேறாக இருக்கும். பழுப்பாக, நுரை கட்டி வருவது போய், மெலிசாக வரும். அந்த ஈஸ்டை மாட்டுத் தீவனம் செய்பவர்கள் காசு கொடுத்து எடுத்துப் போனார்கள். அவர் செய்ததையே எல்லா ஷிப்டும் செய்ய வேண்டும் என்று எழுத்தில் உத்தரவு வந்தபிறகு, நாங்கள் கேட்டிருந்த கூடுதல் தொட்டி தேவைப்படவே இல்லை.

நீ பெரிய படிப்புப் படித்தவள். உனக்கு மெம்பிரேன் தெரியும், ரிவர்ஸ் ஆஸ்மாசிஸ் தெரியும். அவையெல்லாம் வேண்டியவைதான். ஆனால் தண்ணீரில் கலந்த பிறகு ஒன்றைப் பிரிப்பதற்கு ஆகிற மின்சாரத்தையும் காசையும் எண்ணிப் பார்த்தால், கலக்காமல் தடுத்த அந்த ஒரு மணி நேரம் எவ்வளவு மலிவு என்று புரியும். அதனால் உன் மேஜை எங்கே போடப்பட்டிருந்தாலும், உன் வேலை நடக்கிற இடம் ஈஸ்ட் டேங்கும், காய்ச்சும் அண்டாவும், பாட்டில் கழுவும் எந்திரமும்தான் என்று நினைத்துக்கொள். அங்கே வேலை செய்கிறவர்களுக்கு உன் முகம் பழக்கமாக இருக்க வேண்டும். குற்றம் கண்டுபிடிக்க வருகிறாள் என்று அவர்கள் நினைக்கத் தொடங்கினால் வால்வு ராத்திரியில் திறக்கும்.

இனி ஈ.டி.பி.யில் கழிவுநீரைச் சுத்தம் செய்கிற தொட்டியின் சமாச்சாரம். பெரும்பாலான பீர் ஆலைகளில் கழிவுநீரைக் காற்றில்லாத தொட்டியில் கீழிருந்து மேலே ஏற்றுவார்கள். அடியில் ஒரு கசடுப் படுகை இருக்கும். அதிலிருக்கிற நுண்ணுயிர்கள் சர்க்கரையையும் மற்றதையும் தின்று மீத்தேன் வாயுவாக்கும். இந்த முறையை 1970-களில் நெதர்லாந்தின் வாகனிங்கன் பல்கலைக்கழகத்தில் ஹாட்ஸே லெட்டிங்கா என்பவர் உருவாக்கினார். அவர் அதற்குக் காப்புரிமை வாங்கவில்லை. யார் வேண்டுமானாலும் கட்டிக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டார். 2007-இல் அவருக்கு டைலர் பரிசு கொடுத்தார்கள். நம் நாட்டு வெயில் இந்த நுண்ணுயிர்களுக்கு ரொம்பத் தோது. குளிர் நாடுகளில் தண்ணீரைச் சூடாக்கித்தான் தொட்டிக்கு அனுப்ப வேண்டியிருக்கும், நமக்கு அந்தச் செலவு பெரும்பாலும் கிடையாது.

போனதும் ஒரு காரியம் செய். ஆபரேட்டரிடம் கேட்டு, அந்தக் கசடில் கொஞ்சத்தைக் கண்ணாடி அளவுக்குழாயில் எடுத்துப் பார். கன்னங்கரேலென்று இருக்கும். நன்றாக இருக்கிற தொட்டி என்றால் அது சேறாக இருக்காது, உருண்டை உருண்டையாக, கேழ்வரகுக்கும் கடுகுக்கும் நடுவில் ஓர் அளவில் மணிமணியாக இருக்கும். குழாயைக் கவிழ்த்து நிமிர்த்தினால் சரசரவென்று அடியில் போய் உட்காரும், மேலே தண்ணீர் தெளிந்துவிடும். விரலில் எடுத்து நசுக்கினால் சட்டென்று நசுங்காது. அந்த ஒவ்வொரு மணியும் கோடிக்கணக்கான உயிர் சேர்ந்து கட்டின வீடு. மாதக்கணக்கில் கட்டினது. அது கரைந்து சேறாகிவிட்டால் தண்ணீரோடு சேர்ந்து வெளியே போய்விடும்.

இதை எப்படிக் காப்பாற்றுவது என்று எனக்குப் புத்தகம் சொல்லிக்கொடுத்ததைவிட நம் தொழுவம் அதிகம் சொல்லிக்கொடுத்தது. மாட்டின் பெருவயிற்றில் இருப்பதும் இந்த இனத்து உயிர்கள்தான், அங்கேயும் மீத்தேன்தான் உண்டாகிறது. கல்யாண வீட்டில் மிச்சமான சோற்றையோ பொங்கலையோ அண்டாவோடு வைத்து மாட்டைத் தின்னவிட்டால் என்ன ஆகும்? வயிறு புளித்து, உப்பி, மாடு படுத்துவிடும். வேகமாக அமிலம் உண்டாக்குகிற உயிர்கள் பெருகிவிடும், மெதுவாக வேலை செய்கிறவை அந்த அமிலத்தில் செத்துப்போகும். தொட்டியிலும் அப்படியே. திடீரென்று இனிப்பான ஊறல் தண்ணீர் மொத்தமாக வந்து விழுந்தால் புளித்த வாடை கிளம்பும், வாயு குறையும். அப்போது நாங்கள் செய்கிற முதல் வைத்தியமும் மாட்டுக்குச் செய்கிற வைத்தியம்தான்: தீவனத்தைக் குறைத்து, சோடா உப்பைக் கரைத்து ஊற்றுவது. வேளாவேளைக்கு, அளவாக, ஒரே மாதிரித் தீவனம் போட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை என்று அதற்கு லீவு கிடையாது.

ஒரு ஆலையில் நடந்ததைச் சொல்கிறேன், பேர் வேண்டாம். ஞாயிறு ராத்திரி, உற்பத்தி நின்றிருந்த நேரம். பழசாகிப்போன காஸ்டிக் சோடாக் கரைசலை மாற்ற வேண்டும் என்று ஒரு டேங்கை அப்படியே வடிகாலில் திறந்துவிட்டார்கள். சமன்செய்யும் தொட்டியில் அன்றைக்குத் தண்ணீர் குறைவு, அதனால் கலந்து நீர்க்க வழியில்லை. விடிகிற நேரத்துக்குள் பி.எச். ஏறிவிட்டது. காலையில் நாங்கள் பார்த்தபோது எரிந்துகொண்டிருக்க வேண்டிய வாயுச் சுடர் அணைந்திருந்தது. மேல் வாய்க்காலில் கருமணிகள் கலைந்து ஓடிக்கொண்டிருந்தன. வேறொரு ஆலையிலிருந்து டேங்கர் லாரியில் கசடு வாங்கிவந்து ஊற்றி, பழைய நிலைக்குக் கொண்டுவரப் பல வாரம் ஆயிற்று. அத்தனை வாரமும் உற்பத்தியைக் குறைக்க வேண்டியிருந்தது. திறந்துவிட்டவர் கெட்டவர் இல்லை. காஸ்டிக்கைத் திறந்தால் அந்தப் பக்கம் என்ன ஆகும் என்று அவருக்கு ஒருவரும் சொன்னதே இல்லை. ஒரு போன் போட்டிருந்தால், சொட்டுச் சொட்டாக நாலு நாளில் விட்டிருக்கலாம். அதற்குப் பிறகு அந்த ஆலையில் கழுவும் பிரிவு ஆட்களை மாதம் ஒரு தடவை ஈ.டி.பி.க்குக் கூட்டிக்கொண்டு வந்து, தொட்டியைக் காட்டி, டீ வாங்கிக் கொடுக்கிற வழக்கத்தை ஏற்படுத்தினோம். அந்த மாதிரி விபத்து அங்கே திரும்ப நடக்கவில்லை. நீயும் அதைச் செய்.

பி.எச். என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. நீ கையில் பிடிக்கப்போகிற அந்த மீட்டரின் கணக்கு பிறந்ததே ஒரு பீர் ஆலையின் ஆய்வுக்கூடத்தில்தான். கோபன்ஹேகனில் கார்ல்ஸ்பெர்க் ஆலையை நடத்திய ஜே.சி. யாகோப்சென் 1875-இல் அந்த ஆய்வுக்கூடத்தைத் தொடங்கினார். அங்கேதான் 1909-இல் சோரன்சென் பி.எச். அளவுகோலை வகுத்தார். தழைச்சத்தை அளக்கிற கெல்டால் முறையும் அங்கே 1883-இல் வந்தது, உரக்கடைக்காரர் வரைக்கும் இன்றும் அதன் பலன் போகிறது. அதே 1883-இல் ஹன்சென் என்ற விஞ்ஞானி கலப்பில்லாத ஈஸ்டைத் தனியாகப் பிரித்து வளர்த்துக் காட்டினார். அதுவரை எத்தனையோ ஆலைகளில் சரக்கு காரணம் தெரியாமல் கெட்டுப்போய்க்கொண்டிருந்தது. அந்த ஈஸ்டைப் பூட்டி வைத்திருந்தால் யாகோப்சென் போட்டியாளர்களையெல்லாம் ஒழித்திருக்கலாம். அவரோ கேட்ட ஆலைகளுக்கெல்லாம் இலவசமாகக் கொடுத்தார். ஆய்வுக்கூடத்தில் தெரிய வருகிற பயனுள்ள எதையும் ரகசியமாக வைக்கக் கூடாது என்று விதியிலேயே எழுதிவைத்தார். குடியை வெறுக்கிற நானும் அந்த மனுசனை மதிக்கிறேன். நீ ஒரு வழி கண்டுபிடித்து ஆயிரம் லிட்டர் மிச்சம் பிடித்தால், பக்கத்து ஆலைப் பிள்ளைகளுக்கும் அதைச் சொல்லிக்கொடு. எல்லா ஆலையும் உறிஞ்சுவது நிலத்துக்கடியில் இருக்கிற அதே நீரைத்தான்.

மறைக்காமல் இருப்பது என்றதும் ரிஜிஸ்டர் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

சுத்தம் செய்த தண்ணீரை ஓடையில் விடுவதானால் பி.ஓ.டி. லிட்டருக்கு 30 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. நிலத்துக்குப் பாய்ச்சுவதானால் 100 வரை விடுகிறார்கள். நம் நாட்டில் அந்தச் சோதனையை 27 டிகிரியில் மூன்று நாள் வைத்துப் பார்க்கிறோம். இதன் அர்த்தத்தை யோசித்துப் பார்: இன்றைக்கு உன் கையில் கிடைக்கிற எண், மூன்று நாளைக்கு முன் வெளியே போய்விட்ட தண்ணீருடையது. அது இந்நேரம் யாரோ ஒருவர் தோட்டத்தைத் தாண்டியிருக்கும். ஆகவே எண் வரட்டும் என்று காத்திருந்தால் வேலைக்கு ஆகாது. கண்ணும் மூக்கும் வேண்டும். சில மணி நேரத்தில் முடிகிற சி.ஓ.டி. சோதனையைத் தினமும் செய். வெளிவாயில் நுரையைப் பார். வாடையைப் பார். மீன் விட்டிருக்கிற தொட்டியில் காலையில் மீன் மேலே வந்து வாயைத் திறக்கிறதா என்று பார்.

எண் வந்தபிறகு அதை உள்ளபடி எழுது. 28, 27, 28, 29 என்று வருசம் முழுக்க ஒரே சீராக எழுதின ரிஜிஸ்டர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். உயிருள்ள தொட்டி அப்படி எண் கொடுக்காது. மழை நாளில் ஒன்று, பண்டிகைக்கு முன் உற்பத்தி ஏறும்போது ஒன்று என்று ஏறி இறங்கத்தான் செய்யும். நான் இருந்த ஓரிடத்தில், 60-ஐத் தொட்ட வாரத்தை 29 என்று எழுதச் சொன்னார்கள். எழுதவில்லை. அந்த வருசம் எனக்கு இன்கிரிமென்ட் கிடைக்கவில்லை, உன் சின்னப் பாட்டிக்கு அதில் வருத்தம்தான். ஆனால் அந்த 60 ரிஜிஸ்டரில் இருந்ததால்தான் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்து அதிகாரி காரணம் கேட்டார். காரணம் கேட்டதால்தான் பழுதாகிக் கிடந்த காற்றூதியை மாற்றினார்கள். பொய் எண் எழுதியிருந்தால் அந்தக் காற்றூதி இன்னும் அப்படியே கிடந்திருக்கும்.

நான் ஏன் இதில் இவ்வளவு பிடிவாதமாக இருந்தேன் என்று உனக்குத் தெரியும். நொய்யல் ஆற்றைப் பார்த்தவர்கள் வேறு மாதிரி இருக்க முடியாது. சென்னிமலைப் பக்கம் அந்த ஆற்றின் குறுக்கே ஒரத்துப்பாளையம் அணையை 1992-இல் பாசனத்துக்கென்று கட்டினார்கள். திருப்பூர்ச் சாயத் தண்ணீர் வந்து நிறைந்து, கடைசியில் தண்ணீரைத் திறக்காதீர்கள் என்று விவசாயிகளே கேட்கிற நிலை வந்தது. உலகத்தில் எங்கேயாவது விவசாயி அணையைத் திறக்காதே என்று சொல்வானா? நம் ஊரில் சொன்னான். 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. அதற்குள் கிணறெல்லாம் உப்பேறிவிட்டிருந்தது. தென்னை காய்ப்பை விட்டுவிட்டிருந்தது. அந்த வருசங்களிலும் ஒவ்வொரு பட்டறையிலும் ஏதோ ஒரு ரிஜிஸ்டர் இருந்திருக்கும், அதில் ஏதோ ஒரு எண்ணை யாரோ எழுதியிருப்பார்கள்.

சக்கை விசயத்துக்கு வருகிறேன். நூறு லிட்டர் பீருக்கு ஏறத்தாழ 20 கிலோ மால்ட் சக்கை விழும். அதில் முக்கால் பங்குக்கு மேல் ஈரம். புரதம் நிறைந்த தீவனம் என்பதால் பால்மாடு வைத்திருப்பவர்கள் டிராக்டரோடு வந்து வாசலில் நிற்பார்கள். நல்ல ஏற்பாடுதான். ஆனால் நம் வெயிலுக்கு ஒரு நாள், ரெண்டு நாளில் புளித்துப் பூஞ்சை பிடித்துவிடும். பூஞ்சை பிடித்த சக்கையைத் தின்ற மாட்டின் பாலிலும் நஞ்சு வரும். ஆலை தன் இடத்தைக் காலி செய்கிற அவசரத்தில் பழைய சக்கையையும் புதுசோடு சேர்த்து ஏற்றிவிடுவதுண்டு. நீ அதை அனுமதிக்காதே. எந்தத் தேதியில் இறங்கிய சக்கை என்று சீட்டு எழுதிக் கையில் கொடுத்து அனுப்பு. அலாஸ்காவில் ஜூனோ என்று ஓர் ஊர், வெளியூரிலிருந்து சாலையே கிடையாது, கப்பலிலோ விமானத்திலோதான் போக வேண்டும். சுற்றுவட்டாரத்தில் மாட்டுப்பண்ணையும் இல்லை. அங்கே இருக்கிற அலாஸ்கன் புரூயிங் ஆலை சக்கையைக் காயவைத்துக் கப்பலில் ஏற்றி அனுப்பிக்கொண்டிருந்தது. பிறகு அந்தச் சக்கையையே எரித்து நீராவி உண்டாக்குகிற பாய்லரை அமைத்துக்கொண்டார்கள். அவர்களுக்கு அது சரி. தொழுவம் நிறைந்த நம் ஊரில் புரதத்தை எரிப்பது பாவம். மாநாட்டில் ஒருவர் அழகான படம் காட்டி ஒரு தொழில்நுட்பத்தைச் சொன்னால், அது எந்த ஊர்க் கஷ்டத்துக்குப் பிறந்தது என்று முதலில் விசாரி.

பாட்டில் பற்றி ரொம்பச் சொல்ல வேண்டியதில்லை. திரும்ப வந்த பாட்டிலைக் கழுவுவதற்குத் தண்ணீரும் காஸ்டிக்கும் செலவாகும், மெய்தான். ஆனாலும் 1,500 டிகிரி வரை உலையை எரித்துப் புதுக் கண்ணாடி உருக்குவதைவிட அது எவ்வளவோ மேல். நீலகிரியில் காட்டுக்குள் உடைத்துப் போட்ட பாட்டில்கள் யானைகளின் காலைக் கிழிக்கின்றன என்று விவகாரம் உயர் நீதிமன்றம் வரை போய், 2022-இல் பாட்டிலுக்கு 10 ரூபாய் கூட வாங்கி, திருப்பிக் கொடுத்தால் அந்தப் பத்து ரூபாயைத் தருகிற திட்டம் வந்தது. பெரும்பாலான பாட்டில்கள் திரும்பி வந்தன. ஜனங்களுக்குப் பொறுப்பில்லை என்று சலித்துக்கொள்கிறவர்களிடம் இதைச் சொல்.

கடைசியாக ஒன்று. இதுதான் உனக்கு மேலிடத்தில் சங்கடத்தை உண்டாக்கும், ஆனாலும் சொல்லாமல் விட மாட்டேன்.

ஆலைகள் இப்போது லிட்டருக்கு எத்தனை லிட்டர் என்ற விகிதத்தை அழகாக அச்சடித்து வெளியிடுகின்றன. அது குறைவது நல்லதுதான். ஆனால் கிணற்றுக்கு விகிதம் தெரியாது. ஒரு கணக்குக்கு வைத்துக்கொள்: தினம் 2 லட்சம் லிட்டர் பீர், லிட்டருக்கு 4 லிட்டர் தண்ணீர் என்றால் 8 லட்சம் லிட்டர். பாடுபட்டு அதை 3-க்கு இறக்கினால் 6 லட்சம். எல்லோரும் கைதட்டுவார்கள். அடுத்த வருசம் ஆலையை விரிவாக்கி உற்பத்தியை 3 லட்சமாக்கினால் 9 லட்சம். விகிதம் இறங்கியிருக்கும், பக்கத்துத் தோட்டத்துக் கிணறும் இறங்கியிருக்கும். பொள்ளாச்சியிலிருந்து மீனாட்சிபுரம் வழியாகப் பாலக்காட்டுப் பக்கம் போனால் பிளாச்சிமடை. 2000-இல் அங்கே கோகோ கோலா ஆலை வந்தது. கிணறுகள் கெட்டன என்று மயிலம்மா என்ற பழங்குடிப் பெண் முன்னால் நின்று போராடினார். பெருமாட்டி பஞ்சாயத்து உரிமத்தைப் புதுப்பிக்க மறுத்தது. எருவென்று விவசாயிகளுக்குக் கொடுத்த கசடில் ஈயமும் காட்மியமும் இருந்தது சோதனையில் தெரிந்தது. 2004-இல் ஆலை நின்றது. மெக்சிகோவில் மெக்சிகாலி என்ற வறண்ட ஊரில் கான்ஸ்டலேஷன் பிராண்ட்ஸ் நிறுவனம் பிரம்மாண்டமான பீர் ஆலை கட்டிக்கொண்டிருந்தது. கட்டுமானம் பெருமளவு நடந்திருந்த நிலையில், 2020 மார்ச்சில் ஜனங்களிடம் வாக்கெடுப்பு நடத்தினார்கள். வாக்களித்தவர்களில் 76 சதவீதம் பேர் வேண்டாம் என்றார்கள். அரசு அனுமதி கொடுக்கவில்லை, ஆலை அங்கே வரவில்லை. தண்ணீர்க் கணக்கை ஊர் போடத் தொடங்கினால் எவ்வளவு பெரிய முதலீடும் நிற்காது.

ஆகவே ஊருக்கு முன் நீ அந்தக் கணக்கைப் போடு. ஆலையைச் சுற்றி நாலு திசையிலும் ஒவ்வொரு விவசாயியின் கிணற்றைப் பேசி வைத்துக்கொள். மாதம் ஒரு தடவை, மோட்டார் ஓடாத விடியற்காலை நேரத்தில், கயிற்றில் கல்லைக் கட்டி இறக்கித் தண்ணீர் மட்டத்தை அள. தையில் எவ்வளவு, சித்திரையில் எவ்வளவு, ஐப்பசி மழைக்குப் பிறகு எவ்வளவு என்று ஒரு நோட்டில் எழுது. ஒரு பிரதியைக் கிணற்றுக்காரரிடமே கொடு. மேலாளர் ஏன் என்று கேட்டால், இந்த நோட்டு இருந்தால் நம் மேல் பொய்ப் பழியும் வராது, இல்லாவிட்டால் மெய்ப் பழிக்கும் நம்மிடம் பதில் இருக்காது என்று சொல். புரிந்துகொள்கிற மேலாளர்களும் இருக்கிறார்கள், நானே பார்த்திருக்கிறேன். புரியாதவராக வாய்த்தால் நோட்டை உன் சொந்தக் காசில் வாங்கிக்கொள்.

உன் அப்பாவிடம் நான் பேசிக்கொள்கிறேன். அப்பத்தாவுக்கு நீயே எடுத்துச் சொல், உன் வாயால் கேட்டால்தான் அவளுக்குச் சமாதானம் ஆகும். வேலையில் சேர்ந்த முதல் வாரத்திலேயே ஒரு ராத்திரி ஷிப்டு முழுக்க ஈ.டி.பி. ஆபரேட்டரோடு உட்கார்ந்திரு. மறுநாள் காலையில் வெளிவாயிலிருந்து புறப்பட்டு, அந்தத் தண்ணீர் எந்த ஓடையில் போய்ச் சேருகிறது, அதிலிருந்து யார் யார் மோட்டார் போட்டு எடுக்கிறார்கள் என்று நடந்தே போய்ப் பார். பார்த்துவிட்டு எனக்கு எழுது.

அன்புடன்,
தாத்தா